பழைய ஃபான்ட்டை யூனிகோடாக மாற்றும் நிரலை ஏபிஐயாக விற்பது: எங்கே ஓட்டுவது, எதை அளந்து காசு வாங்குவது?

எழுத்தாணி99 (கேள்வி)

வணக்கம். பாமினி, டாப், டாம், டிஸ்கி, வானவில் ஆகிய ஐந்தில் தட்டச்சான தமிழை யூனிகோடுக்கு மாற்றும் பைத்தான் நிரல் கையில் இருக்கிறது. ஃபாஸ்ட்ஏபிஐ போட்டு என் லேப்டாப்பில் ஓடுகிறது. 2,000 எழுத்துப் பத்திக்கு ஏறக்குறைய 15 மில்லிசெகண்ட் ஆகிறது. இதை ஏபிஐயாக, அதாவது பிறருடைய நிரல்கள் இணையம் வழியே அழைத்துப் பயன்படுத்தும் சேவையாகத் திறந்து கட்டணம் வாங்கலாம் என்று யோசனை. இப்போதைக்கு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்: பழைய புத்தகங்களை மின்னூலாக்கும் ஒரு பதிப்பகம், ஒரு டிடிபி சென்டர், கொழும்பில் ஒரு மென்பொருள் குழு.

என் சந்தேகங்கள்:

அமேசான் கிளவுடின் மும்பை ரீஜனில் ஏபிஐ கேட்வேயும் (அழைப்புகளை வாங்கும் வாசல்) லாம்டாவும் (அழைப்பு வரும்போது மட்டும் நிரலை ஓட்டும் சேவை) போதுமா? கேட்வேயிலேயே ‘யூசேஜ் பிளான்’ இருக்கிறதே, மாத வரம்பை அதிலேயே வைத்துவிடலாமா?

அழைப்புக்கு இவ்வளவு என்று வாங்குவதா, எழுத்துக்கு இவ்வளவு என்று வாங்குவதா?

இந்தியாவிலும் வெளிநாட்டிலும் பணம் வாங்க எது சரி? ஜிஎஸ்டி எப்போதிலிருந்து?

கடைசியாக, இணையத்தில் இலவச மாற்றிகள் நிறைய கிடக்கின்றன. ஓப்பன்-தமிழ் போன்ற திறமூல நூலகத்திலேயே இந்த வசதி இருக்கிறது. இதற்கு யாராவது காசு கொடுப்பார்களா?

கால்வாங்கி

உங்கள் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. மாற்று அட்டவணைக்கு யாரும் காசு தரமாட்டார்கள், அது எங்கும் கிடைக்கிறது. மாற்றிய பிறகு உட்கார்ந்து பிழை திருத்தும் ஆளின் நேரம் இருக்கிறதே, அதற்குத்தான் தருவார்கள். ஆகவே உங்கள் நிரல் இந்த இடங்களில் என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஒன்று, ளகரம். பழைய ஃபான்ட்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்: கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. வரிசையை மாற்றுவது எளிது. சிக்கல், ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் அந்த ஃபான்ட்களில் ஒரே வடிவம் என்பதில். கொம்பு, வ, ள என்று வந்ததும் அவசரப்பட்டு ‘வௌ’ ஆக்கும் மாற்றிகள்தாம் ‘வெள்ளம்’ என்பதை ‘வௌ்ளம்’ என்று கக்குகின்றன. ளவுக்கு அடுத்து புள்ளியோ, காலோ, இகர ஈகாரக் குறியோ வந்தால் அது கண்டிப்பாக ளகரம்தான். அதுவரை விதி போதும். அடுத்து வேறோர் எழுத்து வந்தால்தான் வம்பு. ‘மௌனம்’, ‘கௌரவம்’, ‘வௌவால்’ ஒரு பக்கம், வட்டார வழக்கில் எழுதிய கதைகளில் வரும் ‘மெளகு’, ‘வெளக்கு’, ‘வெளயாட்டு’ மறுபக்கம். இதற்கு விதியே கிடையாது. இயல்பாக ஔகாரம் என்று எடுத்துக்கொண்டு, விலக்குச் சொற்பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத ஐயம் வந்தால் பதிலோடு ‘எச்சரிக்கை’ என்று ஒரு வரிசை அனுப்புங்கள்: எத்தனையாவது எழுத்து, எந்தச் சொல், மாற்று வடிவம் எது. பதிப்பகம் காசு தருவது அந்த வரிசைக்குத்தான். 300 பக்கத்தையும் படிப்பதற்குப் பதில் 40 இடங்களைப் பார்த்தால் போதும் அல்லவா.

இரண்டு, கால் போட்ட ரகரம். அச்சு மரபில் ர், ரி, ரீ மூன்றையும் கீழ்ச்சாய்வு இல்லாமல் கால் போலவே வரைவது உண்டு. அந்தப் பழக்கத்தில் தட்டச்சு செய்தவர்கள் ரகரத்துக்குப் பதில் காலையே அடித்திருப்பார்கள். அப்படியே மாற்றினால் ‘தமிழா்’, ‘அவா்கள்’, ‘ஊாில்’ என்று வரும். பார்வைக்குச் சரியாகத் தெரியும், தேடினால் அகப்படாது. காலுக்குப் பின் புள்ளியோ இகரக் குறியோ தமிழில் வரவே வராது. எனவே கண்ணை மூடிக்கொண்டு ரகரமாக்கலாம்.

மூன்று, ஒருங்கமைப்பு. ‘கொ’வை இரண்டு குறியெண்ணாகவும் (யூனிகோடில் எழுத்துக்கும் குறிக்கும் தரப்பட்ட எண்) வைக்கலாம், கொம்பையும் காலையும் பிரித்து மூன்றாகவும் வைக்கலாம். வெளியே போகும் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

நான்கு, இதுதான் பெரிது: வேர்ட் ஃபைல். வெறும் உரையை ஒட்டி மாற்றுவதற்கு இலவசத் தளம் போதும். சாய்வெழுத்து, அடிக்குறிப்பு, அட்டவணை எல்லாம் கலையாமல் முழு ஃபைலை மாற்றித் தருபவர்கள் குறைவு. வேர்ட் ஃபைலுக்குள் ஒரு பத்தி பல துண்டுகளாகக் கிடக்கும். எழுத்துப்பிழை சரிபார்ப்பு ஓடியிருந்தால் ஒரே சொல்லே மூன்று துண்டாக இருக்கும். கொம்பு ஒரு துண்டின் கடைசியில், அதன் மெய் அடுத்த துண்டின் தொடக்கத்தில். துண்டு துண்டாக மாற்றினால் கொம்பு அந்தரத்தில் தொங்கும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே ஃபான்ட்டும் ஒரே வடிவமைப்பும் உள்ள துண்டுகளை முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு மாற்றுங்கள். ஃபான்ட் பெயர் துண்டில் இல்லாவிட்டால் பத்தியின் ஸ்டைலிலும், அங்கும் இல்லாவிட்டால் அது எந்த ஸ்டைலை ஒட்டியதோ அதிலும் தேட வேண்டும்.

வெள்ளவத்தை வாசி

கொழும்புக்காரரைப் பற்றிச் சொன்னீங்கள், அதனால் பாமினி பற்றி இரண்டு வார்த்தை. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்திலேயே இருக்குது. அதனால் வெறும் உரையில் எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று பிரிக்க ஏலாது. கலந்து எழுதின உரையை ஏபிஐக்குக் கொடுத்தால் நிறுவனப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் தமிழ்க் குப்பையாய் வரும். வேர்ட் ஃபைலில் ஃபான்ட் பெயர் இருக்கிறபடியால் தப்பலாம். வெறும் உரைக்கு, மாற்றக் கூடாத பகுதியைக் குறிக்க ஒரு அடையாளத்தை ஆவணத்தில் தெளிவாய் எழுதி வையுங்கோ.

இன்னொன்று: பாமினியில் புள்ளி வைக்கிறது ஆங்கில அரைப்புள்ளி விசை. மென்பொருள் குழுக்கள் எச்டிஎம்எல் பக்கத்தையோ தரவுத்தள டம்ப்பையோ அப்படியே அனுப்புவினம். அதில் இருக்கிற ஒவ்வொரு அரைப்புள்ளியும் தமிழ்ப் புள்ளியாய் மாறி, பக்கம் முழுக்க உடைஞ்சுபோகும். எச்டிஎம்எல்லை ஏற்கிறதெண்டால் குறிகளைப் பிரிச்செடுத்து உரையை மட்டும் மாற்றுங்கோ. ஏற்கிறதில்லை எண்டால் 415 (இந்த வகை ஏற்கப்படாது) பிழையோட திருப்பி அனுப்புங்கோ. அரைகுறையாய் மாற்றித் தாறதுதான் ஆகக் கூடாத வேலை.

டிஸ்கிக்கு வேற பிரச்சினை. அது பைட் எண் 128க்கு மேலே உள்ள இடங்களைப் பாவிக்குது. வாடிக்கையாளரின் நிரல் அதை விண்டோஸ்-1252 (ஐரோப்பிய மொழிகளுக்கான எழுத்து அட்டவணை) என்று நினைச்சு வாசிச்சால் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடமும் அதில் வெறுமை. அங்கே இருந்த எழுத்து உங்களிட்ட வர முந்தியே தொலைஞ்சு போகும். பிறகு உங்களைத்தான் குறை சொல்லுவினம். மூல பைட்டுகளை பேஸ்64 (பைட்டுகளை வெறும் உரையாய் எழுதுற முறை) ஆக்கி அனுப்ப ஒரு வழி கட்டாயம் வையுங்கோ.

மேகக்கணக்கு

ஓட்டும் செலவு பற்றி. கீழே உள்ளவை அமேசானின் வர்ஜீனியா ரீஜன் பட்டியல் விலை. மும்பையில் சில சேவைகள் கொஞ்சம் கூடுதல், விகிதம் இதுதான்.

மாதம் 10 லட்சம் அழைப்பு, 512 எம்பி நினைவகம், சராசரி 100 மில்லிசெகண்ட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நினைவகத்தை ஓடும் நேரத்தால் பெருக்கினால் 50,000 ஜிபி-செகண்ட். லாம்டாவின் நிரந்தர இலவச அளவு மாதம் 10 லட்சம் அழைப்பும் 4 லட்சம் ஜிபி-செகண்டும். ஆக லாம்டாவுக்குச் செலவு சுழி. இலவசம் இல்லை என்றாலும் அழைப்புக்கு 0.20 டாலர், கணிப்புக்கு 0.83 டாலர், மொத்தம் 1.03 டாலர்தான். அதே 10 லட்சத்துக்கு ஏபிஐ கேட்வேயின் வசதி கூடிய ரெஸ்ட் வகை 3.50 டாலர், எளிய எச்டிடிபி வகை 1 டாலர். சமையல்காரருக்குக் கொடுப்பதைவிட வாசல்காரருக்குக் கூடுதலாகக் கொடுக்கிற கதை.

‘அப்படியானால் கேட்வேயே வேண்டாம், லாம்டாவை நேரடியாக அழைக்கும் ஃபங்ஷன் யூஆர்எல் முகவரி போதுமே’ என்று தோன்றும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லைதான். இரண்டு விஷயம் யோசியுங்கள். ரெஸ்ட் வகையில் ஏபிஐ கீ (வாடிக்கையாளரை அடையாளம் காட்டும் ரகசியக் குறி) கட்டாயம் என்று வைத்த வழிக்குத் தப்பான கீயோடு வருகிற அழைப்புக்குக் காசு கிடையாது. ஃபங்ஷன் யூஆர்எல்லைத் திறந்து வைத்தால் தப்பான கீயை நிராகரிக்கவும் உங்கள் லாம்டாதான் எழுந்து வர வேண்டும், அதற்கும் பில் ஓடும். அடுத்து, ஃபங்ஷன் யூஆர்எல்லுக்கு நேரடியாகச் சொந்த டொமைன் வைக்க முடியாது, முன்னால் அமேசானின் இன்னொரு சேவையான கிளவுட்ஃபிரன்ட்டை வைக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் முகவரி உங்கள் சொந்த டொமைனாக இருக்கட்டும். அமேசான் தரும் நீளமான முகவரியைக் கொடுத்துவிட்டால் பிறகு இடம் மாற முடியாது.

யூசேஜ் பிளான் பற்றிக் கேட்டீர்கள். அது ரெஸ்ட் வகையில் மட்டும்தான் உண்டு. அதில் வைக்கும் வேகவரம்பும் மாதவரம்பும் கறாரானவை அல்ல, முடிந்தவரை பார்த்துக்கொள்வோம் என்கிற ரகம். செலவைக் கட்டுப்படுத்த அதை நம்ப வேண்டாம் என்று அமேசானின் ஆவணத்திலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு அது அழைப்பைத்தான் எண்ணும், எழுத்தை எண்ணாது. வெள்ளம்போல் வருவதைத் தணிக்க வைத்துக்கொள்ளுங்கள். காசுக் கணக்குக்கு உங்கள் சொந்த எண்ணிதான் வேண்டும்.

பெரிய ஃபைல்கள் இந்த வழியில் வராது. கேட்வே 10 எம்பி, லாம்டா நேரடி அழைப்பில் 6 எம்பி, கேட்வேயின் இயல்பான காத்திருப்பு 29 செகண்ட். வேர்ட் ஃபைலுக்கு வேறு பாதை போடுங்கள்: அழைத்ததும் அமேசானின் ஃபைல் கிடங்கு எஸ்3க்கான தற்காலிக முகவரியும் ஒரு வேலை எண்ணும் கொடுங்கள், ஃபைல் அங்கே ஏறட்டும், எஸ்க்யூஎஸ் என்ற வேலை வரிசை வழியாக இன்னொரு லாம்டா மாற்றட்டும், முடிந்ததும் வாடிக்கையாளரின் வெப்ஹுக்கை (தகவல் சொல்ல அவர் கொடுத்த முகவரி) தட்டுங்கள். தற்காலிக முகவரியை ‘புட்’ வகையில் கொடுத்தால் ஃபைல் அளவுக்கு உச்சவரம்பு வைக்க முடியாது, யாராவது 5 ஜிபி ஏற்றிவிட்டுப் போவார்கள். ‘போஸ்ட்’ வகையில் அளவு வரம்பை ஒப்பத்துக்குள்ளேயே வைக்கலாம். எஸ்க்யூஎஸ்ஸில் மறைப்பு நேரத்தை (ஒரு லாம்டா எடுத்த வேலை மற்றதற்குத் தெரியாமல் இருக்கும் நேரம்) லாம்டாவின் டைம்அவுட்டைப் போல ஆறு மடங்கு வையுங்கள். குறைந்தால் ஒரே ஃபைல் இரண்டு தடவை மாற்றப்படும், இரண்டு தடவை காசும் கழியும்.

எதிர்பாராமல் பில் ஏறும் இடங்கள் மூன்று. முதலாவது நாட் கேட்வே. தரவுத்தளத்தைத் தொட வேண்டும் என்று லாம்டாவைத் தனி வலையமைப்புக்குள் போட்டு, வெளியே போக நாட் வைத்தால், ஒரு அழைப்புகூட வராவிட்டாலும் மணிக்கு 0.045 டாலர், மாதம் 33 டாலர் போய்விடும். அமேசானின் தரவுத்தளச் சேவையான டைனமோ டிபிக்கு இது எதுவுமே தேவையில்லை. இரண்டாவது கிளவுட்வாட்ச் லாக், அதாவது நிரல் ஓடும்போது எழுதும் பதிவு. இயல்பாக என்றைக்கும் அழியாத அமைப்பில் இருக்கும், 14 நாள் என்று மாற்றுங்கள். வாடிக்கையாளரின் உரையை லாக்கில் எழுதவே எழுதாதீர்கள். காசு ஒரு பக்கம், வெளிவராத கையெழுத்துப்படி உங்கள் லாக்கில் கிடப்பது அதைவிடப் பெரிய தலைவலி. மூன்றாவது, தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் சுழல்: மாற்றிய ஃபைலை, ஏற்றிய அதே பக்கெட்டில் (எஸ்3இல் ஃபைல்கள் வைக்கும் தொட்டி) போட்டு, அதுவே மறுபடி லாம்டாவைக் கிளப்பிவிடுவது. இரண்டுக்கும் தனித்தனி பக்கெட் வையுங்கள்.

பட்ஜெட் எச்சரிக்கை வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். பில் தகவல் பல மணி நேரம் கழித்துத்தான் புதுப்பிக்கப்படும். எச்சரிக்கை எதையும் நிறுத்துவதும் இல்லை. லாம்டாவில் ஒதுக்கப்பட்ட ஒருங்கோட்ட எண்ணிக்கையை (ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்பது) 20 என்று வைத்தால் அதுதான் உண்மையான அணை. புதுக் கணக்கில் மொத்தமே 10 கொடுத்திருந்தால் ஒதுக்க விடாது, பிழை காட்டும். முதலில் வரம்பை உயர்த்தக் கேட்டு விண்ணப்பியுங்கள்.

ஒத்தைச்சேவை

மேகக்கணக்கு சார் சொன்னதெல்லாம் சரி. ஆனால் மூன்று வாடிக்கையாளருக்கு இவ்வளவு பெரிய பந்தலா? மாதம் 10 லட்சம் என்றால் செகண்டுக்கு 0.4 அழைப்பு. உங்கள் நிரல் 15 மில்லிசெகண்டில் முடிக்கிறது, ஒரே கோர் செகண்டுக்கு 60 தாங்கும். அமேசானின் வாடகை மெஷின் சேவையான லைட்செயிலில் 1 ஜிபி மெஷின் மாதம் 7 டாலர். முன்னால் அழைப்பை வாங்க என்ஜின்எக்ஸ், பின்னால் நிரலை ஓட்ட யுவிகார்ன் இரண்டு வொர்க்கர், எண்ணிக்கைக்கு போஸ்ட்கிரஸ் தரவுத்தளம். நாட் பயமும் இல்லை, சுழல் பயமும் இல்லை, பில் என்றைக்கும் 7 டாலர்தான். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் காலாவதியாகும் முன் தானாகப் புதுப்பிக்கிறதா என்று மட்டும் கண்காணியுங்கள், பெரும்பாலான ஒற்றை மெஷின் சேவைகள் விழுவது அங்கேதான்.

வேர்ட் ஃபைலைத் திறப்பதில் ஓர் எச்சரிக்கை. இது எங்கே ஓட்டினாலும் பொருந்தும். அது உண்மையில் ஒரு ஜிப். 200 கேபி ஃபைலை விரித்தால் பல ஜிபி ஆகும்படி செய்து அனுப்ப முடியும். விரிக்கும் முன் உள்ளே குறித்திருக்கும் அளவைப் பாருங்கள், குறித்த அளவை நம்பாமல் விரிக்கும்போதும் எண்ணி 100 எம்பியில் நிறுத்துங்கள். எக்ஸ்எம்எல் படிக்க வெளி உட்பொருள்களை (ஃபைல் சுட்டிக்காட்டும் வெளித் தரவு) அனுமதிக்காத நூலகத்தைப் பயன்படுத்துங்கள்.

மேகக்கணக்கு

@ஒத்தைச்சேவை உரை மாற்றத்துக்கு நீங்கள் சொல்வது போதும், மறுக்கவில்லை. ஆனால் பதிப்பகம் ஒரு ராத்திரியில் 600 ஃபைலைக் கொட்டும்போது அதே 1 ஜிபி மெஷினில் மற்றவர்களின் சின்ன அழைப்புகள் நின்றுவிடும். லைட்செயிலின் சின்ன மெஷின்கள் தொடர்ந்து முழு வேகத்தில் ஓட அனுமதி கிடையாது, சேர்த்துவைத்த பர்ஸ்ட் (கூடுதல் வேக இருப்பு) தீர்ந்ததும் வேகம் விழும். உரைக்கு உங்கள் மெஷின், ஃபைலுக்கு மட்டும் வரிசையும் லாம்டாவும் என்று பிரித்தால் எனக்குச் சம்மதம்.

எழுத்தாணி99

எல்லோருக்கும் நன்றி. ‘ஊாில்’ பிழை என் நிரலில் அப்படியே இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். எச்டிஎம்எல்லை இப்போதைக்கு நிராகரிக்கப் போகிறேன். எண்ணியை எங்கே, எப்படி வைப்பது, எந்த அலகு என்பது இன்னும் தெளிவில்லை. யாராவது கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா?

படியளப்பான்

அலகு: வாடிக்கையாளர் தன் கையால் எண்ணிச் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். அழைப்புக்கு என்று வைத்தால் முழுப் புத்தகத்தையும் ஒரே அழைப்பில் அனுப்புவார்கள், நியாயமும் அதுதான். வெளிவரும் யூனிகோட் எழுத்தை எண்ணினால் சண்டை வரும். ‘நி’ என்பது அவர் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறியெண், யுடிஎஃப்-8 சேமிப்பு முறையில் ஆறு பைட். ‘ஸ்ரீ’ நான்கு குறியெண், 12 பைட். எதை எழுத்து என்றீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லி மாளாது. உள்ளே வரும் பழைய உரையின் எழுத்து எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வேர்டில் ‘வேர்ட் கவுன்ட்’ போட்டாலே அவருக்கும் அதே எண்ணை ஒட்டி வரும். 1,000 எழுத்து ஓர் அலகு, அழைப்புக்குக் குறைந்தது ஓர் அலகு. குறைந்தபட்சம் வைக்காவிட்டால் சொல் சொல்லாக அனுப்பி மெஷினை வாட்டுவார்கள்.

புத்தகப் பக்கத்துக்கு 2,000 எழுத்து என்று கொண்டால் 200 பக்கம் 4 லட்சம் எழுத்து, 400 அலகு. மாதம் ₹999க்கு 2,000 அலகு என்று வைத்தால் ‘ஐந்து புத்தகம்’ என்று சொல்லி விற்கலாம். டிடிபி சென்டர்காரருக்கு அலகு புரியாது, புத்தகம் புரியும். ₹99 திட்டம் வேண்டவே வேண்டாம். அந்த விலையில் ஒரு மின்னஞ்சல் சந்தேகத்துக்குப் பதில் எழுதினாலே லாபம் போச்சு. வேர்ட் ஃபைல் மாற்றத்துக்கு அலகை இரட்டிப்பாகக் கழியுங்கள், மதிப்பு அங்கேதான்.

எண்ணி: டைனமோ டிபியில் ‘பயன்படுத்தியது கூட்டல் இப்போதையது, வரம்புக்குள்ளா?’ என்று நிபந்தனை எழுத முடியாது, நிபந்தனைக்குள் கூட்டல் கழித்தலுக்கு இடமில்லை. ஆகவே ‘மீதி’ என்று வையுங்கள். மீதி தேவையான அலகுக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் அதைக் கழி என்று ஒரே எழுதும் கட்டளையில் சொல்லலாம். இரண்டு அழைப்பு ஒரே நொடியில் வந்தாலும் மீதி சுழிக்குக் கீழே போகாது. படித்துப் பார்த்து, கணக்குப் போட்டு, திரும்ப எழுதினால் நடுவில் இன்னொன்று புகுந்துவிடும். போஸ்ட்கிரஸிலும் இதே உத்தி: ஒரே அப்டேட் வாக்கியம், அதன் ‘where’ பகுதியில் நிபந்தனை, எத்தனை வரிசை மாறியது என்று பார்.

வேலைக்கு முன் கழியுங்கள், உங்கள் பக்கம் பிழை நேர்ந்தால் திருப்பிச் சேருங்கள். ஒவ்வொரு கழிப்புக்கும் திருப்பலுக்கும் தனி வரிசை எழுதி வையுங்கள். வெறும் மீதி எண்ணை மட்டும் வைத்திருந்தால் ‘எப்படி 300 குறைந்தது?’ என்ற கேள்விக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு பதிலின் தலைப்பிலும் (ஹெடர்) கழித்த அலகும் மீதி அலகும் போகட்டும்.

வாடிக்கையாளரின் நெட் நடுவில் அறுந்து மறுபடி அனுப்பினால் இரண்டாவது தடவை கழியக் கூடாது. அனுப்புபவரே ஒரு தனி அடையாளம் வைத்து அனுப்பட்டும். அதே அடையாளம் 24 மணி நேரத்துக்குள் திரும்ப வந்தால் பழைய பதிலையே கொடுங்கள். டைனமோ டிபியின் தானழிப்பு குறித்த நேரத்துக்கு நடக்காது, தாமதமாகும். ஆகவே காலாவதியை நிரலிலும் சரிபாருங்கள்.

வேகம் மீறினால் 429 என்ற பிழை எண், எத்தனை செகண்ட் கழித்து வரலாம் என்ற ரீட்ரை-ஆஃப்டர் தலைப்போடு. மீதி தீர்ந்தால் 402. இரண்டுக்கும் ஒரே குறியைக் கொடுத்தால் அவர்களுடைய நிரல் ராத்திரி முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும்.

கீ: 32 பைட் தற்செயல் எண், முன்னால் சோதனையா நிஜமா என்று காட்டும் சின்ன அடைமொழி. தரவுத்தளத்தில் அதன் எஸ்எச்ஏ-256 (மூலத்தைத் திரும்ப எடுக்க முடியாத சுருக்கம்) மட்டும். உருவாக்கும்போது ஒரே தடவை காட்டுங்கள், பிறகு கடைசி நான்கு எழுத்து போதும். ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு கீ ஒரே நேரத்தில் செல்லுபடியாக வேண்டும். இல்லாவிட்டால் கீ மாற்றும் நாளில் அவர்கள் சேவை நின்றுபோகும்.

ரசீதுப்புத்தகம்

பணம் வாங்குவது பற்றி.

உள்ளூருக்கு ரேஸர்பே என்ற கட்டணச் சேவை போதும். கட்டணம் 2%, அதன் மேல் 18% ஜிஎஸ்டி, ஆக 2.36%. ₹999க்கு ஏறக்குறைய ₹23.60. ஸ்ட்ரைப் 2024 மேயிலிருந்து இந்தியாவில் புதுக் கணக்குகளை அழைப்பின் பேரில் மட்டும் திறக்கிறது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மாதாமாதம் தானாகக் கழிப்பதில் ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் கார்டில் தானியங்கிக் கழிப்புக்கு முன்அனுமதிப் பதிவும், கழிக்க 24 மணி நேரம் முன்பு அறிவிப்பும் கட்டாயம். ஒருமுறைக்கு ₹15,000 வரை ஓடிபி இல்லாமல் கழியும். 2022 ஜூனில்தான் ₹5,000இலிருந்து அந்த அளவுக்கு உயர்த்தினார்கள். உங்கள் விலைக்கு வரம்பு இடிக்காது. ஆனால் கார்டு மாறினால், பதிவு ரத்தானால் கழியாது. டிடிபி சென்டர் மாதிரி ஆட்களுக்கு முன்பணப் பொதி நல்லது: ₹2,000 கட்டு, இத்தனை அலகு, ஒரு வருடத்துக்குள் செலவழி. யுபிஐயில் கட்டிவிட்டுப் போவார்கள். ஜிஎஸ்டி பதிவு ஆனபிறகு ஒன்று மறக்கக் கூடாது: சேவைக்கு முன்பணம் வாங்கினால் வாங்கிய மாதமே வரி.

பணம் வந்ததை ரேஸர்பே அறிவிக்கும் வெப்ஹுக்கில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒப்பச் சரிபார்ப்பு. ரேஸர்பே அனுப்பிய உடலை (தகவல் பகுதி) அப்படியே, ஒரு இடைவெளிகூட மாறாமல், ரகசியச் சொல்லோடு எச்மேக் எஸ்எச்ஏ-256 ஒப்பம் போட்டு, அவர்கள் அனுப்பிய ஒப்பத்தோடு ஒப்பிட வேண்டும். ஜேசான் வடிவில் உள்ள அந்த உடலைப் பிரித்துத் திரும்பக் கோத்தால் ஒப்பம் பொருந்தாது. குறிப்புப் பகுதியில் தமிழ்ப் பெயர் இருந்தால் பைத்தான் அதை ‘எஸ்கேப்’ குறியாக மாற்றிவிடும், ஒப்பம் தவறும். லாம்டாவில் உடல் சில சமயம் பேஸ்64 ஆக வரும், அந்தக் கொடியைப் பார்த்துப் பிரித்த பிறகு சரிபாருங்கள். ஒரே நிகழ்வு இரண்டு மூன்று தடவை வரும், வரிசை மாறியும் வரும். தலைப்பில் உள்ள நிகழ்வு எண்ணைச் சேமித்து, இரண்டாம் தடவை வந்தால் 200 (சரி) சொல்லிவிட்டு விடுங்கள். பணம் வந்துவிட்டது என்று உலாவியில் தெரியும் பக்கத்தை நம்பி அலகு சேர்க்கக் கூடாது, வெப்ஹுக் வந்தால்தான்.

கொழும்பு போன்ற வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இரண்டு வழி. ஓரிருவர்தான் என்றால் இன்வாய்ஸ் போட்டு வங்கி வழியாக வாங்குங்கள். நிறையப் பேர் வரும்போது பேடில் மாதிரி, தானே விற்பனையாளராக நின்று அந்தந்த நாட்டு வரியையும் கட்டிவிடும் சேவை. அது 5% கூட 50 சென்ட் எடுக்கும். 5 டாலர் திட்டத்தில் 75 சென்ட், அதாவது 15% போய்விடும். 49 டாலரில் 2.95 டாலர், 6%. ஆகவே வெளிநாட்டுக்குச் சின்னத் திட்டமே வைக்காதீர்கள். ஏபிஐ சந்தைத் தளங்களில் பட்டியலிட்டால் அவர்கள் கமிஷன் இதைவிடக் கனமாக இருக்கும், வாடிக்கையாளரின் மின்னஞ்சலும் உங்களிடம் இருக்காது.

ஜிஎஸ்டி: தமிழ்நாட்டில் சேவைக்கு ஆண்டு மொத்த விற்றுமுதல் ₹20 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். வெளிமாநிலத்துக்கு விற்றாலும் சேவைக்கு அதே வரம்புதான், பொருளுக்குத்தான் விதி வேறு. ஏற்றுமதியும் அந்த 20 லட்சத்துக்குள் எண்ணப்படும். பதிவான பின் உள்ளூருக்கு 18%. ஏற்றுமதிக்குச் சுழி வீதம். அதற்கு ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழி) தாக்கல் செய்ய வேண்டும், படிவம் ஆர்எஃப்டி-11. அந்நியச் செலாவணி வந்ததற்கான வங்கிச் சான்றை எடுத்து வையுங்கள். அமேசான் கணக்கில் ஜிஎஸ்டி எண்ணைச் சேர்த்தால் அவர்கள் பில்லில் வரும் 18% உள்ளீட்டு வரவாகக் கிடைக்கும். பதிப்பகம் நிறுவனமாக இருந்தால் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு தரக்கூடும், அது உங்கள் வருமான வரிக் கணக்கில் ஏறியதா என்று காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள். மற்றதை ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள் தம்பி, இன்வாய்ஸ் போட ஆரம்பிக்கும் முன்பே.

கால்வாங்கி

விட்டுப்போனது ஒன்று. விலக்குச் சொற்பட்டியலில் ‘மெளகு’ சேர்த்த அன்றைக்கே நேற்று மாற்றிய நாவலுக்கும் இன்றைய வெளியீட்டுக்கும் வேறுபாடு வந்துவிடும். பதிப்பகம் பாதிப் புத்தகத்தை முன்பும் மீதியைப் பின்பும் மாற்றியிருக்கும். மாற்று அட்டவணைக்கும் பட்டியலுக்கும் தேதியிட்ட பதிப்பு எண் வையுங்கள். அழைப்பில் அதைக் குறிப்பிடலாம், குறிப்பிடாவிட்டால் அந்தக் கீ உருவான நாளின் பதிப்பே ஓடட்டும்.

சோதனைத் தொகுப்பை இப்போதே தொடங்கிவிடுங்கள். ஐந்து ஃபான்ட்டுக்கும் தலா 200 வரி, கையால் சரிபார்த்த யூனிகோட் வடிவத்தோடு. வௌவால், வெள்ளம், தெளிவு, பௌர்ணமி, ஊரில், ஸ்ரீ, க்ஷ, ஔவை, தமிழ் எண்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பட்டியலில் ஒரு சொல் சேர்ந்தாலும் 1,000 வரியும் ஓடி, மாறிய வரிகளை மட்டும் காட்டட்டும்.

எழுத்தாணி99

முடிவு: உரைக்கு லைட்செயில் ஒற்றை மெஷின், வேர்ட் ஃபைலுக்கு எஸ்3, எஸ்க்யூஎஸ், லாம்டா. உள்ளே வரும் எழுத்து 1,000க்கு ஓர் அலகு, ₹2,000 முன்பணப் பொதியில் ஆரம்பம், மாதச் சந்தா பிறகு. ஒரு சந்தேகம் பாக்கி: பதிப்பகம் ‘99.9% ஓடும் என்று எழுதிக் கொடுங்கள்’ என்கிறார்கள்.

மேகக்கணக்கு

ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு எழுதிக் கொடுக்காதீர்கள். 99.9% என்றால் 30 நாளில் 43 நிமிடம்தான் விழலாம். ராத்திரி ஒரு கெர்னல் அப்டேட் தகராறு செய்தாலே தீர்ந்தது. 99.5% என்று எழுதுங்கள், 3 மணி 36 நிமிடம் கிடைக்கும். அறிவித்துச் செய்யும் பராமரிப்பு கணக்கில் வராது என்றும், தவறினால் அந்த மாத அலகில் 10% திரும்பச் சேரும், பணமாகத் தரப்படாது என்றும் சேர்த்து எழுதுங்கள். அவர்கள் அனுப்பும் ஃபைல் வேலைகளுக்கு ஓடும் நேரம் பொருத்தமான அளவுகோலே இல்லை. ‘50 பக்க ஃபைல் 10 நிமிடத்துக்குள்’ என்று தனியாக எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் அதுதான் தேவைப்படும்.